பொது வனத்தில் வேட்டைக்கு அனுமதி, மாநிலத்துக்கு ஒரு துப்பாக்கிச் சட்டம்: உங்கள் கருத்து என்ன?

செம்மண் (இழையைத் தொடங்கியவர்) | 2025 ஆகஸ்ட் 9, காலை 8:10

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு எங்கள் நடைக்குழு ஏதாவது ஒரு காட்டுக்குள் போகும். பதினைந்து பேர், அதில் நான்கு பேர் பத்து வயதைத் தாண்டாதவர்கள். சென்ற மாதம் போன மாநில வனத்தின் நுழைவாயிலில் ஒரு பலகை இருந்தது. உரிமம் பெற்றவர்கள் இங்கே வேட்டையாடலாம் என்பது அதன் சாரம். பாதிப் பேர் திரும்பிவிடலாம் என்றார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மீதிப் பேர் இழுத்தார்கள். நடந்தோம். இரண்டு மணி நேரம் கழித்து எங்கோ தொலைவில் இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பிள்ளைகள் அதன் பிறகு கார் வரும்வரை வாயே திறக்கவில்லை.

என் கேள்விகள் எளியவை. யார் யாருக்கு இந்த அனுமதி? தேசியப் பூங்காக்களிலும் உண்டா? மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இவ்வளவு வேறுபாடு? இப்போது எங்கள் மாநில மேலவையில் இருக்கும் வேட்டை மசோதாவால் என்ன மாறும்? உயிர்களைக் கொல்வது தர்மமா என்ற விசாரணையை இதில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டாலும் நடக்கப்போவது எனக்குத் தெரியும்.

கத்தரிவெயில் | ஆகஸ்ட் 9, காலை 8:41

காட்டில் குழந்தைகள் நடக்கிறார்கள், அதே காட்டில் பொழுது போகாதவர்கள் சுடுகிறார்கள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? அமெரிக்கா ஆகிக்கொண்டிருக்கிறோம்.

கடமான் | ஆகஸ்ட் 9, காலை 10:25

நான் வேட்டையாடுபவன். ஒன்பது ஆண்டுகளாக உரிமம் வைத்திருக்கிறேன். திட்ட நினைப்பவர்கள் முதலில் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நியூ சவுத் வேல்ஸில் மாநில வனத்துக்குள் துப்பாக்கியோடு கால் வைக்க வேண்டுமானால் போலீஸ் தரும் துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தரப்படும் ‘ஆர்’ உரிமம் தனியாக வேண்டும். அதற்குப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதற்கு மேல், எந்தக் காட்டுக்கு எந்த நாளில் போகிறேன் என்று இணையத்தில் முன்பதிவு செய்து எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும். ஒரு காட்டில் ஒரே நாளில் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு உண்டு. ஆரஞ்சு நிற உடை கட்டாயம், ஜி.பி.எஸ். கருவி கட்டாயம். எதை வேண்டுமானாலும் சுட முடியாது: மான், பன்றி, ஆடு, நரி, முயல் என்று வெளியிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட விலங்குகள்தான். கங்காருவைத் தொட்டால் வழக்கு.

செம்மண், நீங்கள் கேட்ட இரண்டு சத்தமும் ஏதோ ஒரு புதருக்குப் பின்னாலிருந்து கண்டபடி சுட்டவனுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. அன்று அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்பது பெயரோடு பதிவாகியிருக்கும்.

கத்தரிவெயிலுக்கு: நான் பொழுது போகாமல் போவதில்லை. இறைச்சிக்காகப் போகிறேன். கடையில் பிளாஸ்டிக் தட்டில் வாங்குபவர் என்னைவிடப் புனிதர் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒற்றையடிப்பாதை | ஆகஸ்ட் 9, பிற்பகல் 1:02

கடமான், அன்று அந்தக் காட்டில் எத்தனை துப்பாக்கிகள் இருந்தன என்பது பதிவாகியிருக்கும், சரி. எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்பது எங்கே பதிவாகியிருக்கிறது?

உங்கள் ஏற்பாட்டின் ஓட்டை அதுதான். வேட்டைக்காரர் முன்பதிவு செய்கிறார். நடப்பவர் செய்வதில்லை, செய்ய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. ஆகவே வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், எங்களை அறிய மாட்டார்கள். ஆரஞ்சுச் சட்டை வேட்டைக்காரருக்குக் கட்டாயம். பழுப்பு நிறச் சட்டை போட்டுக்கொண்டு காளான் தேடிக் குனிந்திருக்கும் எனக்கு?

ஒரு ரைஃபிள் தோட்டா மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். சிறிய பாயிண்ட் 22 தோட்டாகூட ஒன்றரை கிலோமீட்டர் வரை போகலாம். அந்தத் தூரத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று மரங்களுக்கிடையே நின்று எவரும் சொல்ல முடியாது.

கடமான் | ஆகஸ்ட் 9, பிற்பகல் 1:40

சுடும் கோணம் என்று ஒன்று இருக்கிறது. தோட்டா போய்ச் சேர மண்மேடு இல்லாவிட்டால் விசையை அழுத்தக் கூடாது. இலக்கைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காணாமல் சுடாதே, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே: பயிற்சியின் முதல் நாள் பாடம் இது. எத்தனையோ நாள் மான் கண்ணெதிரே வானத்தை ஒட்டிய முகட்டில் நின்றிருக்கிறது. சுடாமல் திரும்பியிருக்கிறேன்.

ஒற்றையடிப்பாதை | ஆகஸ்ட் 9, பிற்பகல் 1:55

உங்களை நம்புகிறேன். உங்களுக்கு அடுத்து முன்பதிவு செய்தவரை எனக்குத் தெரியாது.

சட்டக்குறிப்பு | ஆகஸ்ட் 9, இரவு 9:30

செம்மண் கேட்டது சட்டம் பற்றி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அரசியலை விட்டுவிட்டு இதை விளக்க முடியாது.

2002 சட்டத்தின்கீழ் வேட்டைக் கழகம் ஒன்று அமைக்கப்பட்டது. வேட்டையை வளர்ப்பதும் அதன் வேலை, வேட்டைக்காரர்களைக் கண்காணிப்பதும் அதன் வேலை. ஆட்டக்காரரே நடுவராகவும் இருந்தால் எப்படி இருக்கும்? 2013-இல் அரசு நியமித்த ஆய்வு இதையே சொன்னது: வேட்டைக்காரர்களின் நலனைப் பேசுவதும் அவர்களைக் கட்டுப்படுத்துவதும் ஒரே கையில் இருப்பது முரண். கழகம் கலைக்கப்பட்டது. மாநில வனங்களில் வேட்டை சில மாதங்கள் நிறுத்தப்பட்டு, பிறகு வேளாண் துறையின் உரிமப் பிரிவின்கீழ் மீண்டும் தொடங்கியது.

தேசியப் பூங்கா கதை இன்னும் சுவையானது. 2012-இல் பாரி ஓஃபாரல் அரசு மின் நிலையங்களை விற்க ஒரு மசோதா கொண்டுவந்தது. மேலவையில் பெரும்பான்மை இல்லை. சுடுவோர் கட்சியின் இரண்டு வாக்குகள் தேவைப்பட்டன. அதற்கு விலையாக 79 தேசியப் பூங்காக்களையும் காப்பிடங்களையும் பொழுதுபோக்கு வேட்டைக்குத் திறப்பதாக உடன்பாடு ஏற்பட்டது. மின்சாரத்துக்கும் மானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். எதிர்ப்பு பெருகி, ஆபத்து மதிப்பீடுகளும் சாதகமாக வராமல், 2013-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகப் பூங்கா ஊழியர்களின் மேற்பார்வையில், தேர்ந்தெடுத்த சில காப்பிடங்களில் மட்டும், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் சுடும் சிறு திட்டம் வந்தது. ஆகவே செம்மண்ணின் இரண்டாவது கேள்விக்கு விடை: நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காவில் ‘ஆர்’ உரிமத்தோடு தன்னிச்சையாகப் போய்ச் சுட முடியாது.

இந்த ஆண்டு சுடுவோர், மீன்பிடிப்போர், விவசாயிகள் கட்சி கொண்டுவந்திருக்கும் மசோதா வேட்டைக்கென்று ஓர் ஆணையத்தை உருவாக்கச் சொல்கிறது. வேட்டையாடும் உரிமையைச் சட்டத்தில் எழுதச் சொல்கிறது. இயற்கையைப் பேணும் வேட்டை என்ற பொருளில் ‘பேணல் வேட்டை’ என்று அதற்குப் பெயர். கலைத்த கழகம் பெயர் மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வருகிறது என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. உரிமை என்ற சொல் சட்டத்தில் ஏறிவிட்டால், நாளை ஒரு காட்டை மூட நினைக்கும் அதிகாரி ஒவ்வொரு முறையும் காரணம் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இன்று அது சலுகை; மூடுவது எளிது.

துப்பாக்கிச் சட்டம் பற்றி நாளை எழுதுகிறேன். கண் எரிகிறது.

களையெடுப்பவன் | ஆகஸ்ட் 10, காலை 6:15

அயல் விலங்குகளைக் கட்டுப்படுத்துவதுதான் என் பிழைப்பு. பதினோரு ஆண்டுகள். அதனால் ‘பேணல் வேட்டை’ என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்.

காட்டுப்பன்றிகளின் எண்ணிக்கை உண்மையிலேயே குறைய வேண்டுமானால் ஆண்டுக்கு எழுபது விழுக்காட்டை அகற்ற வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பரவலாகப் புழங்கும் கணக்கு. அதற்குக் குறைந்தால் மிச்சமிருப்பவை ஈன்று இடத்தை நிரப்பிவிடும். வார இறுதியில் இரண்டு பேர் போய் நான்கு பன்றியைச் சுடுவதால் என்ன ஆகும்? மிச்சமுள்ள கூட்டம் கலைந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகும், எச்சரிக்கையாகிவிடும். மூன்று வாரம் சோளம் போட்டுப் பழக்கி, கூட்டம் முழுவதும் ஒரே இரவில் பொறிக்குள் வரும் நாளுக்குக் காத்திருப்போம். அதற்கு முந்தைய நாள் யாரோ ஒருவர் நாய்களை அவிழ்த்துவிட்டுப் போயிருப்பார். எனக்கு இப்படி ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது. அந்த மூன்று வாரச் சோளத்தைத் தின்றது கடைசியில் பறவைகள்தான்.

விக்டோரியாவைப் பாருங்கள். அங்கே பொது நிலத்தில் மான் வேட்டை பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆல்பைன் தேசியப் பூங்காவின் சில பகுதிகளில்கூட ஆண்டின் ஒரு பருவத்தில் அனுமதி உண்டு. வேட்டைக்காரர்கள் ஆண்டுக்கு ஓர் இலட்சத்துக்கு மேல் மான்களைச் சுடுவதாக அண்மை ஆண்டுகளின் அரசு மதிப்பீடுகள் சொல்கின்றன. பெரிய எண்தான். ஆனாலும் மான்கள் பரவிக்கொண்டேதான் இருக்கின்றன. சாலையோரத்திலும் எளிதில் ஏறக்கூடிய சரிவிலும் சுடுவார்கள்; உள்ளே, மழைக்காட்டின் அடியில் நாற்றுகளைத் தின்று தீர்க்கும் மான்களை யாரும் எட்டுவதில்லை. ஹெலிகாப்டரிலிருந்து தொழில்முறையாளர் சுடும் வேலை வேறு, இது வேறு.

இன்னொன்றைச் சொன்னால் கடமானுக்குக் கோபம் வரும். நாட்டின் பல இடங்களில் புதிதாக முளைத்த மான் கூட்டங்கள் மனிதர்கள் வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டவை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எதற்கு விடுவார்கள்? புல் வெட்டவா?

கடமான் | ஆகஸ்ட் 10, காலை 9:05

கோபம் வரவில்லை, வெட்கம் வருகிறது. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பிடித்தால் உரிமத்தை வாழ்நாளுக்கும் பறிக்கட்டும்.

கொம்புக்காகச் சுடுபவர் ஆணைத் தேடுவார், உண்மை. ஒரு ஆணைச் சுட்டால் மந்தை குறையாது, அதுவும் உண்மை. நான் பிணைமானைத்தான் எடுக்கிறேன். இறைச்சியும் மென்மை, கணக்குக்கும் உதவும். என்னைப் போன்றவர்கள் பெரும்பான்மை என்று சொல்லப்போவதில்லை; பொய் சொல்லி வாதத்தில் வெல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: ஹெலிகாப்டர் வாரத்துக்கு இரண்டு நாள் மக்களின் வரிப்பணத்தில் பறக்கிறது. நான் என் பெட்ரோலில் போகிறேன். பெரிய வேலைக்கு நான் மாற்று இல்லை. உபரி.

களையெடுப்பவன் | ஆகஸ்ட் 10, காலை 9:20

உபரி என்றால் சரி. அதைத்தான் நானும் சொல்கிறேன். மசோதாவின் தலைப்பில் ‘உபரி வேட்டை’ என்று எழுதட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

தென்னங்கீற்று | ஆகஸ்ட் 10, முற்பகல் 11:48

ஒரு சிறு வியப்பு. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவின் வேலிக்கு வெளியே நின்று புள்ளிமானைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே 1972 வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது, தொட்டால் சிறை. அதே புள்ளிமானை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிட்னியில் ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவர் கொண்டுவந்து விட்டார். இந்தக் கண்டத்துக்கு வந்த முதல் மான் அதுதான். 1886-இல் குயின்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸுக்கு வடக்கே ஒரு மாட்டுப் பண்ணையில் இன்னும் சில விடப்பட்டன. இன்று அங்கே ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. மாடுகளின் புல்லைத் தின்னும் எதிரி என்று பெயர் வாங்கிவிட்டன. அதே புள்ளி, அதே கண். என் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தமிழ்நாட்டிலேயே காட்டுப்பன்றிக்கு இந்த ஆண்டு விதி வந்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்து விட வேண்டும். மூன்றைத் தாண்டி வந்தால் வனத்துறையே சுடும். விவசாயி கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை, கவனியுங்கள். பயிரைக் காப்பதற்குச் சுடுவதும் விரும்பிச் சுடுவதும் வேறு வேறு என்று அங்கே கோடு கிழித்திருக்கிறார்கள்.

கத்தரிவெயில் | ஆகஸ்ட் 10, பிற்பகல் 12:10

அருமை அக்கா. இங்கேயும் அப்படியே செய்யட்டும். ஆசைக்குச் சுடுபவனுக்கு மனநலச் சோதனை வையுங்கள்.

மட்டுறுத்துநர் | ஆகஸ்ட் 10, பிற்பகல் 12:30

கத்தரிவெயில், இது முதல் எச்சரிக்கை. கருத்தைத் தாக்குங்கள், ஆளை அல்ல.

சட்டக்குறிப்பு | ஆகஸ்ட் 10, இரவு 8:15

சொன்னபடி துப்பாக்கிப் பகுதி.

1996 ஏப்ரல் 28, தாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தர். 35 பேர் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டு நாளில், மே 10 அன்று, எல்லா மாநிலங்களும் தேசியத் துப்பாக்கி உடன்பாட்டுக்கு ஒத்துக்கொண்டன. அரைத் தானியங்கி ரைஃபிள்களும் பம்ப் ஷாட்கன்களும் சாதாரண மக்கள் கையிலிருந்து விலக்கப்பட்டன. அரசு ஏறத்தாழ ஆறரை இலட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது.

உடன்பாடு தேசியம், சட்டம் மாநிலம். இங்கேதான் செம்மண்ணின் குழப்பம் பிறக்கிறது. துப்பாக்கி பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் மாநிலங்களிடம் இருப்பதால் கான்பெராவிலுள்ள மத்திய அரசால் மாநிலங்களை இணங்க வைக்கத்தான் முடியும். ஆகவே எட்டு மாநில, ஆட்சிப் பகுதிச் சட்டங்கள், எட்டுப் பதிவேடுகள். 2022 டிசம்பரில் குயின்ஸ்லாந்தின் வியம்பில்லாவில் இரண்டு போலீசாரும் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், 2023 டிசம்பரில், நாடு தழுவிய ஒரே பதிவேடு வேண்டும் என்று முடிவானது. 1996-லேயே பேசிய விஷயம் இது. இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது இந்த இழைக்குத் தேவையான முடிச்சு. ஆஸ்திரேலியாவில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வேண்டும் என்று விண்ணப்பிக்க முடியாது. ‘உண்மையான காரணம்’ ஒன்றைக் காட்ட வேண்டும். விவசாயம் ஒரு காரணம், இலக்குச் சுடும் போட்டி ஒரு காரணம், வேட்டை ஒரு காரணம். வேட்டை என்று சொல்பவர் எங்கே வேட்டையாடப்போகிறார்? நிலத்துக்காரர் ஒருவரின் அனுமதியைக் காட்டலாம். நியூ சவுத் வேல்ஸில் அங்கீகரிக்கப்பட்ட வேட்டைச் சங்க உறுப்பினர் அட்டையும் போதும். பொது நிலத்தில் வேட்டையாடும் அனுமதியும் போதும்.

அதாவது காட்டின் கதவும் துப்பாக்கிப் பெட்டியின் பூட்டும் ஒரே சாவியில் திறக்கின்றன. நகரத்தில் அடுக்குமாடியில் வாழும் ஒருவருக்கு ஒரு விவசாயியையும் தெரியாது. ஆனாலும் பொது வனம் திறந்திருப்பதால் அவரிடம் காரணம் இருக்கிறது. இது நல்லதா கெட்டதா என்பது உங்கள் பார்வை. ஆனால் வேட்டை மசோதாவைத் துப்பாக்கிச் சட்டத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் இரண்டும் இரண்டு அமைச்சர்களின் மேசையில் இருக்கின்றன. ஒருவர் எழுதுவது அடுத்தவர் பூட்டைத் தளர்த்துகிறது.

மேற்கு ஆஸ்திரேலியா எதிர்த்திசையில் போனது. 2024-இல் புதிய சட்டம். பொழுதுபோக்கு வேட்டைக்காரருக்கு அதிகபட்சம் ஐந்து துப்பாக்கி, விவசாயிகளுக்கும் போட்டியாளர்களுக்கும் பத்து. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்த முதல் மாநிலம் அது. குயின்ஸ்லாந்தில் பொது நிலத்தில் பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை. தனியார் நிலத்தில் அனுமதி பெற்றுப் போகலாம். எல்லைக்கு இப்பக்கம் நியூ சவுத் வேல்ஸ் வனத்தில் முன்பதிவு செய்து போகிறார்கள். மான் மட்டும் எதையும் கேட்காமல் இரண்டு பக்கமும் மேய்கிறது.

வாத்து இன்னும் வேடிக்கை. பொழுதுபோக்கு வாத்து வேட்டையை மேற்கு ஆஸ்திரேலியா 1990-இல் தடை செய்தது, நியூ சவுத் வேல்ஸ் 1995-இல். விக்டோரியாவில் 2023-இல் நாடாளுமன்றக் குழு நிறுத்தச் சொல்லிப் பரிந்துரைத்தது; அரசு ஏற்கவில்லை, வேட்டை தொடர்கிறது. விக்டோரியாவுக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் நடுவில் முரே ஆறு. ஆற்று நீர் முழுவதும் நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். எல்லை தென்கரையின் மேட்டில்தான் தொடங்குகிறது. ஆகவே நீந்தும்வரை வாத்துக்கு ஒரு சட்டம். தென்கரை தாண்டிப் பறந்தால் வேறு சட்டம்.

ஒற்றையடிப்பாதை | ஆகஸ்ட் 10, இரவு 8:50

அந்தச் சாவி உவமை இரவெல்லாம் மண்டையில் ஓடும். நன்றி, தூக்கம் போயிற்று.

கடமான் | ஆகஸ்ட் 10, இரவு 9:12

சட்டக்குறிப்பு ஐயா, பெரும்பாலும் சரி. ஆனால் சாவி அவ்வளவு எளிதாகத் திரும்புவதில்லை. பின்னணிச் சோதனை, பயிற்சி, முதல் துப்பாக்கிக்கு 28 நாள் காத்திருப்பு, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி, இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, போலீஸ் வந்து பெட்டியைப் பார்க்கலாம். என் மனைவியிடம் மறுமணத்துக்கு அனுமதி கேட்டிருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும்.

நியூசிலாந்தைப் பாருங்கள். பேணல் துறையின் நிலத்தில் மான் வேட்டைக்கு இணையத்தில் கட்டணமில்லாத அனுமதி. நடப்பவர்களும் வேட்டையாடுபவர்களும் ஒரே மலைக் குடிலில் படுத்துறங்குகிறார்கள். சைலன்சரும் அங்கே கடையில் கிடைக்கும். இங்கே தடை செய்யப்பட்ட பொருள். காது செவிடாகிக்கொண்டிருக்கும் எங்களுக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

ஒற்றையடிப்பாதை | ஆகஸ்ட் 10, இரவு 9:30

சைலன்சரா? செம்மண் குழுவுக்கு எச்சரிக்கையாக இருந்ததே அந்த இரண்டு சத்தம்தான். அதையும் எடுத்துவிட்டால் நாங்கள் எதைக் கேட்டு நிற்பது?

நியூசிலாந்தை முழுதாகச் சொல்லுங்கள். 2019 மார்ச் 15, கிறைஸ்ட்சர்ச், 51 உயிர்கள். துப்பாக்கி வைத்திருப்பவருக்கு உரிமம் உண்டு, அவரிடம் எத்தனை இருக்கிறது என்பதற்கு முழுமையான பதிவேடு இல்லாத நாடாக இருந்தது. 2023 ஜூனில்தான் பதிவேடு தொடங்கியது. குடிலில் சேர்ந்து தூங்குவது அழகான காட்சிதான்.

குளக்கட்டு | ஆகஸ்ட் 11, காலை 5:40

நித்திரை வரவில்லை, எழுதுகிறேன்.

நான் வன்னி. நீங்கள் கடமான் என்பதை நாங்கள் மரை என்போம். சின்ன வயதில் எங்கள் ஊரில் வேட்டை வியப்பில்லை. பெரியப்பாவிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது. கரிமருந்து இடித்து நிரப்புவார். ஒரு வெடி வைத்தால் அடுத்த வெடிக்குள் மரை அடுத்த குளத்துக்குப் போய்விடும். அதனால் அவர் ஒரு வெடிக்காக அரை நாள் காத்திருப்பார். இறைச்சியை வத்தல் போட்டால் வீடு மாதக்கணக்கில் மணக்கும். வேறு சிலர் பாதையில் கட்டுத்துவக்கு கட்டுவார்கள்: கம்பியில் எது இடறினாலும் வெடிக்கும். பன்றி இடறும். விறகுக்குப் போன மனிசரும் இடறினார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கு அப்படித்தான் கால் போனது. பெரியப்பா அதைக் கட்டுகிறவர்களோடு பேசவே மாட்டார். வெடி வைக்கிறவன் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பார்.

பிறகு வேறு துவக்குகள் வந்தன. அதை இங்கே எழுதத் தேவையில்லை.

இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம். முதல் தடவை காட்டுப் பாதையில் ஆரஞ்சுச் சட்டையோடு ஒருவர் துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு எதிரே வந்தார். சிரித்துக் காலை வணக்கம் சொன்னார். நல்ல மனிதர்தான். நான் பாதையை விட்டு இறங்கி, இரண்டு கையையும் அவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டு நின்றேன். கை தானாகப் போனது. மகள் பக்கத்தில் நின்று, ‘ஏன் அப்பா இப்படி நிற்கிறீர்கள்?’ என்று கேட்டாள்.

கடமான் தம்பி, வேட்டையை ஒழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பெரியப்பாவின் வத்தலைத் தின்று வளர்ந்தவன் அதைக் கேட்க முடியாது. எங்களுக்கென்று ஒரு நாளை விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்ன நாளில் துவக்கு இராது என்று பலகையில் எழுதியிருந்தால் நான் அந்த நாளில் போவேன். மற்ற நாளெல்லாம் உங்களுடையது.

செம்மண் | ஆகஸ்ட் 11, காலை 7:30

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

சட்டக்குறிப்பு | ஆகஸ்ட் 11, பிற்பகல் 12:45

குளக்கட்டு கேட்பது புதிதல்ல, நடைமுறையில் உள்ளது. இத்தாலியில் 1992 சட்டப்படி செவ்வாயும் வெள்ளியும் வேட்டை கிடையாது, நாடு முழுவதும். நெதர்லாந்தில் ஞாயிறு கிடையாது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போய் 1974-இல் மக்கள் வாக்கெடுப்பால் பொழுதுபோக்கு வேட்டையையே நிறுத்திவிட்டது. பன்றி பெருகினால் அரசு ஊழியர்கள் சுடுகிறார்கள். மற்ற மாகாணங்களில் வேட்டை தொடர்கிறது.

நாள் பிரிப்பதற்குப் புதிய ஆணையம் தேவையில்லை. முன்பதிவு முறை ஏற்கெனவே இருக்கிறது. இன்ன காட்டில் ஞாயிறு என்ற கட்டத்தை அடைத்துவிட்டால் முடிந்தது.

களையெடுப்பவன் | ஆகஸ்ட் 11, பிற்பகல் 1:10

விஷ உணவு வைக்கும் நாள்களில் காட்டை மூடுகிறோமே. அப்போது யாரும் உரிமை பறிபோனதாகக் கத்துவதில்லை. மூட முடியும்.

கத்தரிவெயில் | ஆகஸ்ட் 11, பிற்பகல் 1:22

குளக்கட்டு அண்ணாவின் பதிவைப் படித்த பிறகு என் முதல் பதிவை நீக்கலாம் என்று பார்த்தேன், நீக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. இருக்கட்டும். ஆனால் ஞாயிறு மட்டும் போதாது, பள்ளி விடுமுறையும் சேர்க்க வேண்டும்.

கடமான் | ஆகஸ்ட் 11, மாலை 6:35

நாள் முழுவதும் யோசித்தேன். வேலை செய்பவனுக்கு இருப்பதே சனியும் ஞாயிறும். அதில் ஒன்றை விட்டுக்கொடு என்றால் பாதியை விட்டுக்கொடு என்று பொருள். எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னால் முதலில் என்னைத்தான் சுடுவார்கள் (நகைச்சுவை, மட்டுறுத்துநர் அவர்களே).

எல்லாக் காட்டிலும் ஞாயிறு என்றால் எதிர்ப்பேன். நகரத்துக்கு அருகில், நடப்பவர்கள் அதிகம் வரும் காடுகளில் ஞாயிறு என்றால் ஏற்கிறேன். பள்ளி விடுமுறை என்றால் நானும் பிள்ளை வைத்திருப்பவன், பேசலாம். சைலன்சர் பேச்சை இந்த இழையில் மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

அண்ணா, நீங்கள் கை வைத்து நின்றதைப் படித்தேன். எதிரே நடப்பவர்கள் வந்தால் இனி துப்பாக்கியின் போல்ட்டை (அது இல்லாமல் துப்பாக்கி சுடாது) கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் பேசுவேன். எதிரே வருபவருக்குக் கண்ணால் தெரிய வேண்டும், அவ்வளவுதானே.

குளக்கட்டு | ஆகஸ்ட் 11, மாலை 7:02

தெரியும் தம்பி. அது எனக்குத் தெரியும்.

செம்மண் | ஆகஸ்ட் 12, காலை 7:15

வன நிர்வாகத்துக்கு நேற்றிரவு ஒரு கடிதம் எழுதினேன்: எங்கள் பக்கத்து இரண்டு காடுகளுக்கு மட்டும், மாதத்தில் முதல் ஞாயிறும் பள்ளி விடுமுறையும் முன்பதிவை அடைக்கும்படி. அதிகம் கேட்டால் எதுவும் கிடைக்காது என்று வீட்டில் சொன்னார்கள். ஒற்றையடிப்பாதையும் களையெடுப்பவனும் கையெழுத்திட ஒப்புக்கொண்டார்கள். கடமான், உங்கள் பெயரும் இருந்தால் கடிதத்துக்கு வேறு எடை வரும். வற்புறுத்தவில்லை.

கடமான் | ஆகஸ்ட் 12, காலை 7:50

அனுப்புங்கள், படித்துவிட்டுப் போடுகிறேன். ‘வேட்டைக்காரர்களால் ஆபத்து’ என்ற வரி இருந்தால் போட மாட்டேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நான் எந்தக் காட்டிலும் முன்பதிவு செய்யவில்லை. துப்பாக்கி பெட்டிக்குள் இருக்கும். உங்கள் குழுவோடு நடக்க இடமிருந்தால் வருகிறேன். பிள்ளைகளுக்கு மரையின் குளம்புத் தடத்தையும் அது கொம்பு தேய்த்த மரத்தையும் காட்டுகிறேன்.

குளக்கட்டு | ஆகஸ்ட் 12, காலை 8:04

எத்தனை மணிக்கு?